மாநகர் மன்றம் தொழில் ஊக்க மண்டலம் அமைத்தால் பிறைப் பக்கம் வளர்ச்சி வருமா?

பினாங்கின் பெருநிலப் பக்கமான செபராங் பிறையில், பட்டர்வொர்த்தில் சிறிய லேத்துப் பட்டறை நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மகள் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் படிக்கிறாராம். அந்த ஊர் மன்றங்கள் 'எண்டர்பிரைஸ் ஸோன்' என்று ஒரு வட்டாரத்தை அறிவித்து, வரிச் சலுகை கொடுத்து, பெரிய தொழிற்சாலைகளை வரவழைத்திருப்பதாக மகள் சொன்னாராம். 'நம்ம செபராங் பிறை மாநகர் மன்றமும் அப்படி ஒரு மண்டலம் அமைத்தால் வளர்ச்சி வருமா? என்னைப் போன்ற ஆறு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அதில் இடம் உண்டா?' என்பது கேள்வி.

தம்பி, முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஷெஃபீல்டு பக்கம் கொடுத்த வரிச் சலுகையில் கொஞ்சம்தான் நம் மாநகர் மன்றத்தின் கையில் இருக்கிறது. ஆனால் அங்கேயும் சரி, இங்கே பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழில் மண்டலத்திலும் சரி, தொழில் வேரூன்றியதற்கு வரிச் சலுகை பெரிய காரணமாக இருக்கவில்லை. வேரூன்ற வைத்த காரியங்களில் பாதி, ஓர் ஊராட்சி மன்றம் மனது வைத்தால் நாளைக்கே தொடங்கக்கூடியவை. அதனால் உங்கள் கேள்விக்கு 'வரும்' என்றுதான் பதில் சொல்வேன். ஆனால் மண்டலம் என்று பலகை நட்டுவிட்டால் மட்டும் வராது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1970-களின் கடைசியில் இங்கிலாந்தின் பழைய தொழில் நகரங்கள் படுத்துவிட்டன. சுரங்கம், எஃகு ஆலை, கப்பல்துறை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. அப்போது எதிர்க்கட்சியில் இருந்த ஜெஃப்ரி ஹாவ், 1978-ல் லண்டன் கப்பல்துறைப் பக்கம் பேசும்போது இந்தத் திட்டத்தை முன்வைத்தார். மறு ஆண்டு அவரே நிதியமைச்சர் ஆனார். 1980-ல் சட்டம் வந்தது, 1981-ல் முதல் மண்டலங்கள் வந்தன. அந்த வட்டாரத்துக்குள் தொழில் நடத்துபவருக்குப் பத்து ஆண்டுகள் கட்டட வரி கிடையாது. நாம் 'சுக்காய் பிந்து' என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வரி. கட்டடம் கட்டிய செலவு முழுவதையும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். கட்டுமான அனுமதிக்கு அலையவும் வேண்டாம்.

நல்ல சலுகைதானே என்று தோன்றும். பிறகு கணக்குப் பார்த்தார்கள். மண்டலங்களுக்குள் இருந்த வேலைகள் சுமார் 1,26,000. அவற்றில் உண்மையிலேயே புதிதாகப் பிறந்தவை பாதிக்கும் குறைவு. மற்றவை, மண்டலம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியவை, இல்லையென்றால் பக்கத்துத் தெருவிலிருந்து சலுகைக்காக இடம் மாறியவை. இன்னொன்றும் நடந்தது. வரி குறைந்த இடத்தில் வாடகை ஏறியது. கட்டட வரியில் மிச்சமான காசை நில உரிமையாளர் வாடகையாக வாங்கிக்கொண்டார். இதை நன்றாக நினைவில் வையுங்கள், உங்கள் பட்டறை விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

லண்டன் கப்பல்துறை மண்டலத்தில்தான் இப்போதைய கேனரி வார்ஃப் அலுவலக வளாகம் எழுந்தது. அதைக் கட்டிய நிறுவனம் 1992-ல் திவாலானது. அலுவலகக் கோபுரம் இருந்தது, ஆட்கள் வந்து போக நல்ல ரயில் இல்லை. 1999-ல் ஜூப்லி ரயில் பாதை அங்கே நீட்டப்பட்ட பிறகுதான் அந்த இடம் நிமிர்ந்தது. வரி சலுகை கொடுத்தவர்கள் சாலையையும் ரயிலையும் முதலில் யோசித்திருந்தால் நடுவில் அவ்வளவு கஷ்டம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

உங்கள் மகள் பார்த்தது இரண்டாவது சுற்று. 2012 முதல் இங்கிலாந்தில் புதிய மண்டலங்கள் தொடங்கின. ஒரு நிறுவனத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 2,75,000 பவுண்டு வரை கட்டட வரித் தள்ளுபடி. மண்டலத்துக்குள் வளரும் கட்டட வரியை 25 ஆண்டுகள் அந்த வட்டாரமே வைத்துக்கொள்ளலாம் என்பது இதில் நல்ல அம்சம். ஷெஃபீல்டு மண்டலத்தில் பேர்போன இடம், ஓர்கிரீவ் என்ற பழைய நிலக்கரி வேலைத்தலத்தின் மேல் எழுந்த உற்பத்திப் பூங்கா. ரோல்ஸ் ராய்ஸ் அங்கே இருக்கிறது, மெக்லாரன் கார் நிறுவனம் 2018-ல் வந்தது. ஆனால் மண்டலம் வருவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, 2001-ல், ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் போயிங்கும் சேர்ந்து ஓர் உற்பத்தி ஆய்வு மையத்தைத் தொடங்கியிருந்தார்கள். உலோகத்தை இன்னும் வேகமாக, இன்னும் நுணுக்கமாக வெட்டுவது எப்படி என்று ஆராயும் இடம். உங்கள் தொழில்தான் தம்பி! கம்பெனிகள் அந்தக் கைத்திறனைத் தேடி வந்தன. வரித் தள்ளுபடி பிறகு சேர்ந்துகொண்டது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பினாங்கு இதையெல்லாம் இங்கிலாந்துக்கு முன்பே செய்து பார்த்த ஊர்.

1969-ல் பினாங்கின் சுங்க வரியற்ற துறைமுக அந்தஸ்து முழுவதுமாகப் போனது. அதை நம்பியிருந்த கிட்டங்கி, படகு, சுமைகூலி எல்லாம் ஆட்டம் கண்டன. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் ஆட்கள் எத்தனை பேர் என்று பாகான் டாலாமில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் யூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை ஏற்படுத்தினார். 1970-ல் வெளிநாட்டு ஆலோசகர்கள் கொடுத்த நேதன் அறிக்கை, உள்ளூர்ச் சந்தையை நம்பாமல் ஏற்றுமதிக்கான தொழிலுக்குப் போங்கள் என்றது. 1971-ல் மத்திய அரசு சுதந்திர வாணிப மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1972-ல் பாயான் லெப்பாஸ் மண்டலம் திறந்தது.

அந்த மண்டலத்துக்குள் வரும் மூலப்பொருளுக்குச் சுங்க வரி இல்லை. இன்றைக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. உற்பத்தியில் 80 விழுக்காடாவது ஏற்றுமதி ஆக வேண்டும் என்பது பொது விதி. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972-ல் அங்கே வயல்வெளியில் ஐந்து ஏக்கரில் கட்டியது. ஏ.எம்.டி., எச்.பி., நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் என்று, இன்டெலையும் சேர்த்து முதலில் வந்தவர்கள் எட்டுப் பேர். 'எட்டு சாமுராய்கள்' என்று இன்னும் சொல்கிறோம்.

வரிச் சலுகை அப்போது தைவானிலும் இருந்தது, கொரியாவிலும் இருந்தது, சிங்கப்பூரிலும் இருந்தது. பிறகு ஏன் பினாங்கு? நான் தொழிற்சாலையில் இருந்த காலத்தில் மூத்த பொறியாளர்களிடம் பேசியதை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். நிலத்தைச் சமன்செய்து, சாலை போட்டு, மின்சாரமும் தண்ணீரும் வாசல்வரை கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் கழகம் ஆட்களைக் கூப்பிட்டது. விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. சிப் என்பது எடை குறைவு, விலை அதிகம், விமானத்தில்தான் போகும். ஒரு கையெழுத்துக்குப் பத்துக் கதவைத் தட்ட வேண்டிய நிலை இல்லை. அப்புறம், ஆங்கிலம் தெரிந்த, வேலைக்கு ஏங்கிய இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கூலி குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது.

என் அக்கா அவர்களில் ஒருவர். பாலம் கட்டாத காலம். பிறையிலிருந்து தீவுக்குப் போக ஃபெரிதான். காலை ஷிப்டுக்காக நாலு மணிக்கு எழுந்து, டிபன் கேரியரில் சோறு கட்டிக்கொண்டு இருட்டில் நடந்து போய் முதல் ஃபெரியைப் பிடிப்பார். அங்கே இறங்கியதும் பேக்டரி பஸ். எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டும் வேலை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுகூட ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருப்பார். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் மூன்று பேர் படித்தோம். ஆனால் அக்கா பதினெட்டு ஆண்டுகள் ஆப்பரேட்டராகவே இருந்து ஆப்பரேட்டராகவே வெளியே வந்தார். மேலே போக யாரும் அவருக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கவில்லை. மண்டலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

1985-ல் பாலம் திறந்தது. 1989-ல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் வந்தது. அரசு, கல்விக்கூடம், போட்டி போடும் கம்பெனிகள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்த இடம் அது. அதைத்தான் இந்தக் கதையின் திருப்பம் என்று சொல்வேன். கம்பெனிகளுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்த உள்ளூர்ப் பட்டறைகளும் சேர்ந்தே வளர்ந்தன. எங் டெக்னாலஜி போன்றவை சின்னப் பட்டறையாகத் தொடங்கியவைதான். எச்.பி.யில் வேலை செய்து பழகியவர்கள் 2000-ல் தொடங்கிய விட்ராக்ஸ், இன்று பத்து காவானில் சொந்த வளாகம் வைத்து உலகத்துக்குச் சோதனைக் கருவிகள் விற்கிறது. வெளியிலிருந்து வந்தவர் போய்விட்டாலும் கைத்திறன் ஊரோடு தங்கியது.

சரி, செபராங் பிறை மாநகர் மன்றம் என்ன செய்ய முடியும்? நம் நாட்டில் அதிகாரம் மூன்று அடுக்கு. வருமான வரியும் சுங்க வரியும் மத்திய அரசின் கையில். ஒரு கம்பெனிக்குச் சில ஆண்டுகளுக்கு வருமான வரிவிலக்கு அளிப்பது போன்றவை அங்கே முடிவாகும். ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் தகுதியுள்ள நிறுவனங்களுக்கு 15 ஆண்டுகள் வரை 5 விழுக்காடு நிறுவன வரி என்று அறிவித்தார்களே, 2025 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது, அதற்கெல்லாம் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார வேண்டும். மாநகர் மன்றத்தால் ஆகிற காரியமில்லை. நிலம் மாநில அரசின் கையில். விவசாய நிலத்தைத் தொழில் நிலமாக மாற்றுவது, அதற்கான பிரீமியம், குத்தகைக் காலம் எல்லாம் அங்கே. மாநகர் மன்றத்துக்கு மிஞ்சுவது மதிப்பீட்டு வரி (அதுதான் சுக்காய் பிந்து), வணிக லைசென்ஸ், திட்ட அனுமதி, கட்டட வரைபட ஒப்புதல், உட்சாலை, சாக்கடை, குப்பை, தெருவிளக்கு.

இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். கொள்முதல் பிரிவில் இருந்தபோது பல பட்டறைகளோடு பழகினேன். புக்கிட் தெங்கா பக்கம் ஒருவர். நல்ல வேலைக்காரர், அவருடைய பாகங்கள் எங்கள் பரிசோதனையில் திரும்பி வந்ததே இல்லை. கணினியில் ஓடும் இரண்டாவது சி.என்.சி. வெட்டு மிஷின் போட இடம் தேடினார். கிடைத்த இடம் கெரானில், அதாவது நிலப் பத்திரத்தில், விவசாயம் என்று இருந்தது. அது முன்னமே அவருக்குத் தெரியாது. முன்பணம் கொடுத்துவிட்டார், லைசென்ஸுக்குப் போனபோதுதான் சொன்னார்கள். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு ஃபைல் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒன்றரை வருஷம் மிஷின் மரப்பெட்டியிலேயே கிடந்தது. பேங்குக் கடனுக்கு வட்டி மட்டும் ஓடியது. கடைசியில் நாங்கள் அந்த ஆர்டரை வேறு நாட்டுக்குக் கொடுத்தோம். நானே கையெழுத்துப் போட்டேன், இன்றைக்கும் மனது கனக்கிறது. அவருக்கு எந்த வரி விலக்கும் தேவைப்பட்டிருக்காது. 'இந்த லாட் தொழில் நிலம், இன்னின்ன தொழில் நடத்தலாம், இத்தனை நாளில் அனுமதி' என்று யாராவது முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் போதும்.

ஆக, மாநகர் மன்றம் மண்டலம் அமைத்தால் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். வட்டாரத்துக்குள் எந்த லாட்டில் எந்தத் தொழில் என்று முதலிலேயே முடிவு செய்து, மாநிலத்தோடு பேசி நிலத்தின் வகையை மொத்தமாக மாற்றி வைத்துவிட வேண்டும். விதிக்குள் வருகிறவருக்கு அனுமதி தானாகக் கிடைக்க வேண்டும்.

இடத்தைப் பற்றியும் சொல்கிறேன். புதுக் காட்டை அழித்து மண்டலம் போடுவதைவிட, மாக் மண்டின் போன்ற பழைய தொழிற்பேட்டையை எடுத்துக்கொள்வதே நல்லது. 1960-களின் பேட்டை. அந்தக் காலத்து லோரிக்குப் போட்ட சாலை, இன்று நாற்பதடி கண்டெய்னர் திரும்ப முடியாமல் நிற்கிறது. ஆனால் துறைமுகம் பக்கம், ரயில் பக்கம், வேலை செய்யும் மக்கள் சுற்றிலும் குடியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் இந்தத் திட்டமே இப்படித் தேய்ந்துபோன இடங்களுக்காகப் பிறந்ததுதான். சாக்கடையைப் பெரிதாக்கி, மூலைகளை அகலமாக்கி, காலியாகக் கிடக்கும் பழைய ஆலைக் கொட்டகையைப் பத்துச் சின்னப் பட்டறைகளாகப் பிரித்துக் கொடுத்தால் உங்களைப் போன்றவர்களுக்கு அங்கேதான் இடம். புதிய பேட்டைகளில் ஏக்கர் கணக்கில்தான் விற்பார்கள். ஆறு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு ஏக்கர் எதற்கு?

தண்ணீரையும் மறக்கக் கூடாது. பினாங்கின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது, அந்த ஆறு கெடாவிலிருந்து வருகிறது. 2024 ஜனவரியில் சுங்கை டூவா வால்வைப் பழுதுபார்க்கத் தண்ணீரை நிறுத்தியபோது நாம் வாளி தூக்கி அலைந்தது நினைவிருக்கும். 2017 நவம்பர் வெள்ளமும் நினைவிருக்கும். முதலீட்டாளர் வரித் தள்ளுபடியைக் கேட்பதற்கு முன் இந்த இரண்டையும்தான் கேட்பார்.

வேலை யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. பத்து காவானைப் பாருங்கள். ஒரு காலத்தில் முழுக்கத் தோட்டம். நம் ஆட்கள் பால்மரம் வெட்டி, செம்பனைக் குலை தள்ளி வாழ்ந்த இடம். இன்று இரண்டாவது பாலம் அங்கே வந்து இறங்குகிறது, சிப் தொழில் கம்பெனிகளான மைக்ரானும் லாம் ரிசர்ச்சும் நிற்கின்றன. பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி மட்டும் பழைய பெயரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளை நாளைக்கு அந்தக் கம்பெனிக்குள் டெக்னீஷியனாகவோ என்ஜினியராகவோ போகிறதா, வாசலில் செக்யூரிட்டி உடுப்போடு நிற்கிறதா? என் அக்காவுக்குத் திறக்காத கதவு அந்தப் பிள்ளைக்காவது திறக்க வேண்டும். மண்டலத்தில் கிடைக்கும் கூடுதல் மதிப்பீட்டு வரியில் ஒரு பங்கை அந்த வட்டார இளைஞர்களின் பயிற்சிக்கு என்று எழுதி வைக்கலாம். இங்கிலாந்தில் 25 ஆண்டுகள் அந்தப் பணத்தை வட்டாரத்திலேயே வைத்துக்கொள்ள விட்டார்களே, அந்த ஒரு விஷயத்தை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதை யார் கேட்பது? இங்கிலாந்தில் மன்ற உறுப்பினரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், மண்டலம் சரியாக நடக்காவிட்டால் அடுத்த தேர்தலில் கேட்பார்கள். நமக்கு 1965-ல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. அதை ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் மீண்டும் வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் 1968-ல் அறிக்கை கொடுத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. வட்டாரத் திட்ட வரைவு தயாராகும்போது அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும், ஆட்சேபம் சொல்ல நமக்கு உரிமை உண்டு. பெரிய கம்பெனிகளும் வீட்டுமனை நிறுவனங்களும் வக்கீலோடு போய்ப் பேசுவார்கள். பட்டறைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து போய், 'சிறு பட்டறைக்கு இத்தனை லாட் ஒதுக்குங்கள், வாடகை ஏற்றத்துக்கு வரம்பு வையுங்கள்' என்று எழுத்தில் கொடுத்தால் அதையும் பதிவு செய்தாக வேண்டும். நம் ஆட்கள் அந்தக் கூடத்துக்கு அதிகம் போவதில்லை என்பது என் வருத்தம்.

கடைசியாக உங்கள் பட்டறை. மண்டலம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினாலே புரோக்கர்கள் வந்துவிடுவார்கள். 'இப்போதே பிடித்துவிடுங்கள், அப்புறம் விலை ஏறிவிடும்' என்பார்கள். அவசரப்படாதீர்கள். இப்போது இருக்கும் இடத்தின் வாடகை ஒப்பந்தத்தை மூன்று வருஷம், மறுபடி மூன்று வருஷம் புதுப்பிக்கும் உரிமையோடு, ஏற்றம் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டு வரியில் தள்ளுபடி வந்தால் அது வாடகைக்காரருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். புது இடம் பார்த்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் நில அலுவலகத்தில் கெரான் நகல் எடுத்து, நிலத்தின் வகை 'பெருசாஹான்' (தொழில்) என்று இருக்கிறதா, அதன்கீழ் எழுதியிருக்கும் நிபந்தனை உங்கள் தொழிலுக்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். 'பெர்தானியான்' (விவசாயம்) என்று இருந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். நகலை எடுத்ததும், அதிலிருக்கும் நிபந்தனை வரியை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.